திரும்பிப் போகக்கூடிய ஏற்றம்

"அங்கை உழக்கினது காணாதெண்டோ இங்கையும் போய் உழக்கப் போறாய்?"

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு அம்மா இப்படிக் கேட்டார். ஸ்காபரோ வீட்டின் கராஜில் நானும் மகளும் சைக்கிள்களில் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கூடாரம், இரண்டு படுக்கைப் பைகள், உதிரி ரியூப்கள், பம்ப், பங்சர் ஒட்டும் சாமான், ரொட்டி, கட்டைச்சம்பல் என்று ஆளுக்குப் பதினான்கு கிலோ வந்தது. அம்மா கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டில் கார் இருக்கிறது, அதில் பெற்றோலும் இருக்கிறது. போகிற இடத்தில் எங்களை எதிர்பார்த்து ஒருவரும் இல்லை. அப்படியிருக்க, நூறு கிலோமீற்றர் மேடு பள்ளமெல்லாம் சைக்கிளில் ஏறி இறங்கி, ஓர் ஏரிக்கரையில் படுத்தெழும்பி, மறுநாள் திரும்பி வருவதற்கு என்ன அவசியம்?

"சும்மா, ஒரு சந்தோசத்துக்கு அம்மா" என்றேன்.

"நல்ல சந்தோசம்" என்றுவிட்டு உள்ளே போனார்.

அன்றிரவு அந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிக்கழித்தேன். மறுநாள் வழி நெடுக அது கூடவே வந்தது. கட்டாயத்தின் பேரில் ஒருவர் செய்த ஒரு வேலையைப் பிற்காலத்தில் அவரோ அவருடைய பிள்ளையோ விளையாட்டாகச் செய்வது சரிதானா? அது அந்தப் பழைய பாட்டைச் சிறுமைப்படுத்துகிறதா? சைக்கிளுக்கு மட்டுமான கேள்வியல்ல இது. முகாம்களில் கூடாரத்துக்குள் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குப் பணம் கட்டிக் கூடாரம் அடிக்கிறார்கள். விறகுப் புகையில் கண் கலங்கிச் சமைத்த எங்கள் அம்மாக்களைப் பூங்காவில் நாற்காலி போட்டு இருத்திவிட்டு நாங்கள் விறகு மூட்டுகிறோம். அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுடைய முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைவதை மட்டும் சில வேளை கண்டிருக்கிறேன்.

*

தொழிலாளர் தின விடுமுறைக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே லின்ட்சே நகரம் வரை காரில் போய், அங்கிருந்து சைக்கிளில் புறப்பட்டோம். லின்ட்சேயிலிருந்து வடக்கே கின்மவுண்ட் வரை ஏறத்தாழ 55 கிலோமீற்றருக்குப் பழைய ரயில் பாதை ஒன்று போகிறது. தண்டவாளத்தைக் கழற்றிச் சரளை போட்டிருக்கிறார்கள். கோடையில் சைக்கிள்காரரும் நடப்பவர்களும், பனிக்காலத்தில் ஸ்னோமொபைல்காரரும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

முதற்பகுதி சமதரை. ஃபெனலன் ஃபோல்ஸ் வரைக்கும் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல்லின் மீது கிடப்பதுதான். இங்குள்ள கல் அதைவிட நாற்பது கோடி ஆண்டுகளாவது மூத்தது. ஆனாலும் மெல்லிய மண், தட்டையான வயல், வேலியோரத்தில் பொறுக்கிக் குவித்த கற்கள் என்று பார்க்கும்போது கண் ஏமாறத்தான் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடிப் பழகியவனுக்கு மேடு தெரியாது. எங்களுக்கு ஏற்றம் என்றால் பாலம். எதிரி என்றால் சோளகக் காற்று.

மகளுக்கு இருபத்துநான்கு வயது. முன்னே போகும் அவளுடைய சைக்கிளில் இருபதுக்கு மேற்பட்ட கியர்கள். எனக்கு 1990களின் ஐந்து ஆண்டுகளும் ஒற்றைக் கியரில்தான் ஓடின. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, இன்னும் என்னவெல்லாமோ தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய மோட்டார்சைக்கிள்கள் சில புகை கக்கிக்கொண்டு போகும். மற்றதெல்லாம் சைக்கிள்தான். விறகு, மரக்கறி மூட்டை, சீமெந்துப் பை, பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சல்காரர், மாப்பிள்ளை பொம்பிளை எல்லாமே கரியரில் போயின. இரவில் செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் ரேடியோ பேசும். ஆனையிறவுப் பாதை மூடியபின் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். அந்த வள்ளங்களிலும் ஆட்களோடு சைக்கிள்கள் ஏறின. ரயர் கிழிந்தால் புதிது கிடையாது. ஊசி நூலால் தைத்து, உள்ளே பழைய ரயர்த்துண்டு வைத்து ஓடினோம்.

அம்மா "உழக்கினது" என்று சொன்னது இதைத்தான்.

*

ஃபெனலன் ஃபோல்ஸில் நீர்வழியின் மதகடியில் இருந்து ரொட்டி சாப்பிட்டோம். ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழி 386 கிலோமீற்றர் நீளமானது; ஒன்ராறியோ ஏரியை ஜோர்ஜியன் விரிகுடாவோடு இணைப்பது. உல்லாசப் படகு ஒன்று மதகுக்குள் நுழைந்தது. இரண்டு இளம் ஊழியர்கள் நின்று மதகின் கதவை மூட, நீர்மட்டம் உயர்ந்து படகைத் தூக்கியது. அந்தப் படகுக்காரருக்கும் மேலே போகவேண்டிய அவசியம் எதுவும் இருந்திருக்காது.

மகள் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்தவள். அப்பத்தாவின் கேள்வியை நான் சொன்னபோது, அங்கே மெய்யியல் கற்பித்த பேர்னார்ட் சூட்ஸ் என்பவரைப் பற்றிச் சொன்னாள். அவருடைய 'தி கிராஸ்ஹொப்பர்' 1978இல் ரொறன்ரோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. எறும்பும் வெட்டுக்கிளியும் கதையை அதில் அவர் தலைகீழாக்குகிறார். கோடை முழுக்க விளையாடிப் பனிக்காலத்தில் சாகும் வெட்டுக்கிளிதான் அவருடைய ஞானி. விளையாட்டு என்றால் என்ன என்று வரையறுக்க முடியாது என்று பலரும் கைவிட்ட இடத்தில், அவர் ஒரு வரையறை சொன்னார். தேவையில்லாத தடையொன்றை விரும்பி ஏற்றுக்கொண்டு அதைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்பது அதன் சாரம். பந்து குழிக்குள் விழவேண்டும் என்பது மட்டும்தான் நோக்கமானால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். கோல்ஃப் ஆடுபவர் அந்தச் சுலபமான வழியை வேண்டாம் என்று ஒதுக்கி, நீண்ட கோலொன்றை எடுத்துக்கொள்கிறார். ஏன்? அந்தச் சிரமம் இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை.

"அப்ப அப்பத்தாவுக்கு இதைச் சொல்லுங்கோவன்" என்றாள் மகள். "தேவையில்லாத தடை, விருப்பத்தோட எடுக்கிறம். அவ்வளவுதான்."

விடை சுத்தமாக இருந்தது. ஆனால் அதை அப்படியே அம்மாவிடம் கொண்டுபோக முடியாது என்று எனக்குத் தெரியும். "தேவையில்லாத தடை" என்ற சொல்லே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேட்காது. எங்களுக்குப் பெற்றோல் வராமல் நின்றதும் ஒரு தடைதான். அதற்கும் 'தடை' என்றுதான் பெயர். ஒரு சொல் இரண்டுக்கும் போதும்போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே பொருளா?

விரும்பி ஏற்கும் சிரமம் என்பது வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததும் அல்ல. நல்லூர்த் திருவிழாவில் ஆண்கள் சுடுமணலில் பிரதட்டை பண்ணுகிறார்கள், பெண்கள் அடியழிக்கிறார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகக் கிழக்குக்கரை வழியே நடந்து போகிற மரபு எங்களுக்குண்டு. காவடி எடுப்பவரிடம் "பஸ் இருக்கே, ஏன் முள்ளுக் குத்துறாய்?" என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அவரே எங்களுக்காக எத்தனையோ முறை நேர்த்தி வைத்தவர். அங்கே அவருக்கு விளங்குகிறது. நேர்த்திக்குப் பின்னால் எப்போதும் கேட்காமல் வந்த ஒரு துன்பம் இருக்கிறது. பிள்ளைக்கு வந்த நோய், காணாமற்போன கணவன், பிடித்துக்கொண்டு போகப்பட்ட மகன் என்று ஏதோ ஒன்று. கேட்காமல் வந்த துன்பத்துக்குப் பதிலாக, கேட்டுப் பெற்ற துன்பமொன்றைத் தெய்வத்திடம் கொடுக்கிறோம். ஆகவே அதில் ஒரு கடன் தீர்கிறது. அம்மா கேட்டது, என்னுடைய இந்தச் சைக்கிள் பயணத்தில் என்ன கடன் தீர்கிறது என்றுதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

*

பேர்ண்ட் றிவர் தாண்டிப் போகப் போக நிலம் மாறுகிறது. சுண்ணாம்புக்கல் முடிந்து, கனேடியக் கேடயம் என்று சொல்லப்படும் நூறு கோடி ஆண்டுப் பழமையான கரும்பாறையும் இளஞ்சிவப்புப் பாறையும் தலைகாட்டுகின்றன. வயல்கள் போய்க் காடு வருகிறது. பாதை மட்டும் மாறவேயில்லை. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, பாறையைப் பிளந்து, மிக மெதுவாக உயரும்படி அந்தப் பாதையைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பேசிக்கொண்டே உழக்கினோம். இரண்டு பக்கமும் மனிதர் பிளந்த பாறைச் சுவர்.

அதைப் பிளந்தவர்கள் யார் என்பதைக் கின்மவுண்டில் நிற்கும் நினைவுச்சின்னம் சொல்கிறது. 1874 இலையுதிர்காலத்தில் ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்டு வந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். விக்டோரியா ரயில்வே என்ற இந்தப் பாதையைப் போடுவதுதான் அவர்களுக்குக் கிடைத்த வேலை. மொழி தெரியாத நாடு. மரக்குடில்களில் பல குடும்பங்கள் நெருக்கி இருந்தன. அந்த முதற் பனிக்காலத்திலேயே குழந்தைகள் பலர் நோயில் இறந்தார்கள். பிறகு ரயில்வேக்குப் பணத் தட்டுப்பாடு வந்து வேலையும் நின்றது. 1875இல் பெரும்பாலானவர்கள் மனிற்றோபாவில் வின்னிபெக் ஏரிக்கரைக்குப் போய், இன்று கிம்லி என்று அழைக்கப்படும் ஊரைத் தொடங்கினார்கள். ரயில் பாதை அவர்கள் இல்லாமலே வளர்ந்து 1878இல் ஹாலிபேர்ட்டனை அடைந்தது.

மகள் நினைவுச்சின்னத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். "இது எங்கட கதைமாதிரி" என்றாள். எனக்கு வேறொன்று தோன்றியது. அன்று காலை எங்கள் விளையாட்டு அவ்வளவு சுகமாக இருந்ததற்குக் காரணம், வேறு யாரோ விளையாட்டாக அல்லாமல் அந்தப் பாறையை உடைத்தது. அவர்களைச் சங்கிலி போட்டு யாரும் கொண்டுவரவில்லை. கப்பலில் தாங்களாகவே ஏறினார்கள். ஆனால் பிள்ளை சாகிறது என்று கண்டபின் அந்த டிசம்பரில் அவர்களால் எங்கே திரும்பிப் போயிருக்க முடியும்?

*

கின்மவுண்டில் நாங்கள் ரயில் பாதையை விட்டுப் பழைய 121ஆம் இலக்க வீதியில் ஏறினோம். மகளுக்கு மலை வேண்டும் என்று ஆசை. அதுவும் வந்தது.

இந்த ஏரிநாட்டின் மேடு பள்ளம் இமயமலை மாதிரியானது அல்ல. பனியுகத்தில் பனிப்பாளங்கள் பாறையைச் சுரண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாயின. அவற்றுக்கிடையே முதுகெலும்புபோலப் பாறைத் திட்டிகள். ஒரு மேட்டில் மூச்சு வாங்க ஏறினால் உச்சியில் நீல ஏரியொன்று தெரியும். அதை நோக்கி இறங்கி முடிவதற்குள் அடுத்த ஏற்றம் தொடங்கிவிடும். இப்படி முப்பது நாற்பது தடவை. பதினான்கு கிலோ பையோடு நான் இரண்டு இடத்தில் இறங்கி உருட்டினேன்.

ஏற்றத்தில் உருட்டுபவனுக்குக் கணக்குப் பார்க்க நேரம் உண்டு. ஒரு கிலோமீற்றர் ஏற்றத்தை மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால் 10 நிமிடம் செல்லும். மறுபக்கம் அதே தூரத்தை 40 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினால் ஒன்றரை நிமிடம். இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்து, சராசரி வேகம் 23 என்று மனம் ஆறுதல் சொல்லும். அது பிழை. இரண்டு கிலோமீற்றருக்குப் பதினொன்றரை நிமிடம் போயிருக்கிறது. சராசரி பத்தரையைக்கூடத் தொடவில்லை. இறக்கம் ஒருநாளும் ஏற்றத்தை ஈடுசெய்வதில்லை. "இப்ப நல்லாத்தானே இருக்கிறியள்" என்று எங்களிடம் சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். பட்ட நேரம் நீளமானது. சுகப்படும் நேரம் அதை அழிப்பதில்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மிண்டனுக்கு முன்னால் நீண்ட ஏற்றமொன்றின் உச்சியில் மகள் எனக்காகக் காத்து நின்றாள். முகம் சிவந்து வேர்த்திருந்தது. தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, நீங்கள் அங்கை பட்ட கஷ்டம் இப்ப எனக்குக் கொஞ்சம் விளங்குது."

"இல்லை, விளங்காது" என்றேன்.

யோசிக்காமல் வந்த சொல். அவள் ஒன்றும் பேசாமல் போத்தலை மூடினாள். மிண்டன் வரை இருவரும் பேசவில்லை. இறக்கங்களில்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த மௌனத்தில் எனக்கு வந்துகொண்டிருந்தது 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்து மக்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்று அன்று மாலை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு பக்கம் மறுக்க முடியாத அறிவித்தல், மறுபக்கம் நெருங்கிவரும் ஷெல். லட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் தெருவுக்கு வந்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. கொக்குவிலிலிருந்து செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நானும் சைக்கிளோடு போனேன். கரியரில் அம்மம்மா. ஹாண்டிலில் இரண்டு பைகள். பாரில் ஒரு பாய்ச் சுருள். மழை. ஓட இடமே இல்லை, உருட்டியதுதான். ஒரு கிலோமீற்றர் போக மணித்தியாலக் கணக்கு. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தோம். நாங்கள் ஊர் திரும்ப முன்னமே அம்மம்மா அங்கே காலமானார்.

நேர்மையாகச் சொன்னால், அன்றிரவு என் கால் நோகவில்லை. பத்தொன்பது வயதுக்கு அது பெரிய தூரமும் இல்லை. உடம்பின் கணக்கில் மிண்டன் ஏற்றம் அதைவிடக் கடினமானது. அன்று கனத்தது வேறு. எவ்வளவு தூரம் என்று தெரியாது. எங்கே படுப்போம் என்று தெரியாது. அம்மம்மா "என்னை இதிலை விட்டிட்டுப் போங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் பாதை இல்லை. நின்றாலும் திரும்பினாலும் போவதற்கு ஒரு வீடு இல்லை.

மிண்டன் ஏற்றத்தில் நான் இறங்கி உருட்டியபோது எந்தக் கணத்திலும் சைக்கிளைத் திருப்பியிருக்கலாம். தம்பிக்குத் தொலைபேசி எடுத்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் வானில் வந்து ஏற்றியிருப்பான். அப்படிச் செய்யவில்லை. ஆனால் செய்யலாம் என்பது ஒவ்வொரு மிதியிலும் இருந்தது. சிரமத்தின் அளவில் வித்தியாசம் இல்லை. திரும்பலாம் என்பதில்தான் இருக்கிறது. சூட்ஸின் வரையறையில் 'விரும்பி' என்ற சொல்தான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. விரும்பித் தொடங்கினால் மட்டும் போதாது. ஐஸ்லாந்துக்காரர்களும் விரும்பித்தான் தொடங்கினார்கள். நடுவழியிலும் விருப்பம் செல்லுபடியாக வேண்டும். இறங்கும் கதவு கடைசிவரை திறந்திருந்தால்தான் அது விளையாட்டு.

அப்படியானால் நான் மகளுக்குச் சொன்னது சரியா? கருத்தளவில் சரி. கால் வலியால் அந்த இரவை அறிய முடியாது. ஆனால் சொன்ன விதத்தில் வேறொன்றும் இருந்தது. என் பாட்டை நான் ஒரு காணி உறுதிபோலப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். யாராவது எல்லையில் கால் வைத்தால் வேலிக்கு ஓடி வருகிறேன். பிள்ளைகளுக்கு எங்கள் கதை தெரியவில்லை, அக்கறை இல்லை என்று கூட்டங்களில் குறைப்படுகிறவனும் நான்தான். தெரிந்துகொள்ள ஒருத்தி கை நீட்டியபோது "விளங்காது" என்று கதவைச் சாத்தியவனும் நான்தான்.

*

மிண்டனில் கல் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. கரையில் சைக்கிள்களைச் சாத்திவிட்டு இருந்தோம். "பிள்ளை, நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். நாவற்குழி இரவை அவளுக்கு முதல்முறையாக முழுவதும் சொன்னேன். கரியரில் இருந்த அம்மம்மாவின் கை என் இடுப்புச் சேர்ட்டைப் பிடித்திருந்த இறுக்கம் வரைக்கும். சொல்லி முடித்ததும் அவள் அழவில்லை. கொஞ்சநேரம் ஆற்றைப் பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்:

"அதுக்கு முதல் உங்களுக்குச் சைக்கிள் ஓட விருப்பமா அப்பா?"

முப்பது ஆண்டுகளில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அகதிக் கோரிக்கை விசாரணையிலிருந்து நேர்காணல்கள் வரை, பட்ட பாட்டைப் பற்றியே எல்லோரும் கேட்டார்கள். நானும் அதையே சொன்னேன். ஆனால் உண்மை என்னவென்றால், எனக்குச் சைக்கிள் உயிர். அந்தத் தடை ஆண்டுகளிலும் விடியற்காலை ரியூசனுக்கு ஐந்தாறு பேர் தெருவை மறித்துச் சமாந்தரமாய்ப் போவோம். ஒருவன் கையை விட்டு ஓடுவான். இருட்டில் டைனமோ வெளிச்சம் பனைகளில் ஏறி இறங்கும். மேலே விமானம் கேட்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு மதகுக்குள் பாய்வோம். அது போனபின் எழும்பி, மண்ணைத் தட்டி, யார் முதலில் சந்திக்குப் போவது என்று போட்டி போடுவோம். சாவுக்கு நடுவில் நான் சந்தோசமாய் இருந்திருக்கிறேன். அதை வெளியில் சொன்னால் பட்ட பாடு பொய்யாகிவிடும் என்றோ, செத்தவர்களுக்குத் துரோகமாகிவிடும் என்றோ பயந்து, எனக்கே சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

"ஓம் பிள்ளை, சரியான விருப்பம்" என்றேன்.

தமிழில் 'பாடு' என்ற சொல் விசித்திரமானது. உழைப்புக்கும் அதுதான், துன்பத்துக்கும் அதுதான், 'அவரவர் பாடு' என்று தனிப்பட்ட விவகாரத்துக்கும் அதுதான். கட்டாயப்படுத்துபவன் எங்கள் உழைப்பைத் துன்பமாக்குகிறான். அதோடு அதற்குள் எங்களுக்கென்று இருந்த தனி விருப்பத்தையும் மூடிவிடுகிறான். சைக்கிள் அந்த ஐந்து ஆண்டுகளில் பிறந்ததல்ல. அதற்கு முதலே அது பிள்ளைகளின் ஆசைப் பொருள். யுத்தம் அதை எடுத்துச் சுமைவண்டி ஆக்கியது. அதை மறுபடி ஆசைப் பொருளாக ஓடுவது அந்தப் பாட்டை அவமதிப்பதாகாது என்று இப்போது நினைக்கிறேன். எடுத்துக்கொண்டு போனதைத் திரும்பக் கேட்பது அது.

ஆனால் இந்த முடிவு எனக்கு வசதியாக இருக்கிறது என்பதால் சந்தேகமும் வருகிறது. ஒரு நிபந்தனை இல்லாமல் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இன்றும் திரும்ப முடியாமல் உழக்குகிறவர்களைக் காணாமல் நான் ஓடக்கூடாது. அவர்கள் தூரத்தில் இல்லை. பனிக்காலத்தில் ரொறன்ரோத் தெருக்களில், முதுகில் சதுரப் பையோடு சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவர்களைப் பாருங்கள். பலர் அண்மையில் வந்தவர்கள், மாணவர்கள். அவர்களைத் தாண்டி, அதே ஒழுங்கையில், அதே இரண்டு சக்கரத்தில், உடற்பயிற்சிக்காக ஒருவர் போகிறார். 2020 பெப்ரவரியில் ஒன்ராறியோ தொழிலுறவுச் சபை, ஃபுடோரா நிறுவனத்தின் விநியோகக்காரர்கள் சங்கம் அமைக்க உரிமையுள்ளவர்கள் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் முற்றாகச் சுயதொழில் செய்பவர்கள் அல்லர் என்பது அதன் காரணம். அந்த ஆண்டு மே மாதத்தோடு நிறுவனம் கனடாவை விட்டே போய்விட்டது. விருப்பம்போல் வரலாம், விருப்பம்போல் போகலாம் என்று அந்த வேலையைப் பற்றிச் சொல்வார்கள். வாடகைக்கும் விசாவுக்கும் நடுவே நிற்பவருக்கு அந்தப் போகலாம் எவ்வளவு உண்மை? நாங்கள் வந்த புதிதில் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் நின்றபோது எங்களுக்கு எவ்வளவு உண்மையாக இருந்ததோ அவ்வளவுதான்.

*

இருட்ட முதல் ஹாலிபேர்ட்டனைப் போய்ச் சேர்ந்தோம். கடைசி இருபத்தைந்து கிலோமீற்றரும் பேசிக்கொண்டே ஓடினோம், ஏற்றங்களில் மட்டும் மூச்சில்லாமல். மறுநாள் ரயில் பாதையால் திரும்பினோம். பாறை வெட்டிய இடங்களில் மகள் வேகத்தைக் குறைத்தாள். நானும் குறைத்தேன். அதனால் யாருக்கும் எதுவும் கிடைத்துவிடப் போவதில்லை என்று தெரியும்.

வீட்டுக்கு வந்து சேர ஞாயிறு இரவாகிவிட்டது. அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

"ஏத்தத்திலை இறங்கி உருட்டினியோ?"

"ஓம் அம்மா, ரண்டிடத்திலை."

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

"அம்மாவை வச்சு உருட்டினதை நீ மறக்கேல்லைத்தானே?"

"இல்லை அம்மா. இவளுக்கும் சொன்னனான்."

அம்மா பேத்தியைப் பார்த்தார். பிறகு, அடுத்தமுறை ரொட்டிக்கு மாவைக் கொஞ்சம் கூடப் போட்டுத் தருகிறேன், இந்தத் தூரத்துக்கு இது காணாது என்றார்.